பினாங்கு மிஷின்

மிஷினை நகர்த்தினால்தான் பாடை கட்ட இடம் கிடைக்கும் என்று உடையப்பனின் அண்ணன் தங்கமுத்து சொல்லிவிட்டார். கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே கொல்லையில் பாதியை அடைத்துக்கொண்டு அந்தத் துணி துவைக்கிற மிஷின் நின்றது. ஐந்து வருஷமாக நின்ற இடத்திலேயே நின்றதில் அதன் மூன்று கால்களும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பங்காளி வீட்டு ஆட்கள் நாலு பேர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தார்கள்.

"பாத்துப்பா, சாய்ச்சிராதீங்க," என்றார் உடையப்பன். "உள்ள தண்ணி நெறையக் கெடக்கும். நேத்துச் சாயங்காலந்தான் சாமானெல்லாம் போட்டுச் சுத்துனா."

கனத்தை எதிர்பார்த்து நாலு பேரும் காலை அகட்டி மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். மிஷின் சுளுவாக மேலே வந்துவிட்டது. பின்னால் பிடித்தவன் நிலை தவறிக் குத்தவைக்கப் பார்த்தான். உள்ளே என்னென்னவோ கடகடவென்று உருண்டது. தண்ணீர் தளும்புகிற சத்தமே இல்லை.

"எங்கண்ணே தண்ணி? வெறும் டப்பாவுல்ல இருக்கு."

"வடிச்சிருப்பா," என்றார் உடையப்பன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார்.

வேலியோரமாகக் கொண்டுபோய் அதை வைத்துவிட்டு அவர்கள் பச்சைத் தென்னை மட்டை வெட்டப் போனார்கள். வீட்டுக்குள் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். உடையப்பனின் பெண்டாட்டி பிச்சையம்மாளை நடுவீட்டில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தது. சனிக்கிழமை கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவள், ஞாயிறு விடிந்து மாடு கத்தியும் எழுந்திருக்கவில்லை. உடையப்பன் போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. ஆறு மாதமாக அவளுக்குக் காலில் இருந்த வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை என்று சொல்லி ஒரு பாட்டில் மருந்து கொடுத்திருந்தார்கள். அதில் பாதி இன்னும் மாடத்தில் இருக்கிறது.

மகன் நாகராசு திருச்சியில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தான். தந்தி கொடுத்தாயிற்று. ஒரு மணி பஸ்ஸில் வந்துவிடுவான், வந்ததும் எடுத்துவிடலாம் என்று பேச்சு. அதுவரைக்கும் உடையப்பனுக்கு ஒரு வேலையும் இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கையை நீட்ட வேண்டியதுதான். அவருக்கு எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது. பெண்டாட்டி செத்த அன்றைக்கு இப்படி ஒரு அசதி வருமா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆள் நடமாட்டம் குறைந்த சமயம் பார்த்து வேலியோரம் போய் மிஷினின் மூடியைத் திறந்தார்.

பிச்சையம்மாள் ஆயாவாக இருந்த பாலவாடியின் விளையாட்டுச் சாமான்கள் அத்தனையும் உள்ளே கிடந்தன. எல்லாம் உலர்ந்து கிடந்தன. அடியில் கையை விட்டுத் தடவினார். ஈரம் இல்லை. துரும்பும் புழுதியும், உரிந்த பெயிண்டுத் துகளும் விரலில் ஒட்டின. மரக்கிளியை எடுத்துப் பார்த்தார். அதன் அலகு இடுக்கில் வெல்லம் ஒட்டியிருந்தது, அதில் எறும்பு மொய்த்திருந்தது. நேற்று மாலை முழுக்க அவள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர் ஊற்றாமல் சுற்றியிருக்கிறாள்.

அவர் மூடியைச் சத்தமில்லாமல் மூடினார்.

இந்த மிஷினின் கதை ஊருக்கே தெரியும். உடையப்பன் பினாங்கில் ஒரு சலவைக் கடையில் பதினோரு வருஷம் இருந்தவர். கடைக்காரச் சீனன் கரண்டு மிஷின் வாங்கியதும், கையால் சுற்றும் பழையதை இவர் தலையில் கட்டினான். இவர் அதைப் பெரிய வெகுமதியாக எண்ணிக் கப்பலேற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கி, ரயிலில் புதுக்கோட்டை வரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வைத்து ஊருக்குள் நுழைந்தார். அண்டா மாதிரி ஒரு தகரத் தொட்டி. உள்ளே தண்ணீரைக் கலக்குகிற மரத் துடுப்பு, வெளியே கைப்பிடி, மேலே துணி பிழிவதற்கு இரண்டு ரப்பர் உருளை. முதல் நாளே பஞ்சாயத்துத் தலைவரின் சட்டையை வாங்கிப் போட்டுக் காட்டினார். உருளை அத்தனை பித்தானையும் நொறுக்கித் துப்பிவிட்டது. அன்றோடு மிஷினின் மவுசும் போயிற்று, உடையப்பனின் மவுசும் போயிற்று. பிச்சையம்மாள் தன் புடவையை ஒரே ஒரு தடவை அதில் போட்டு எடுத்தாள். "இதுக்கு இருவது வாளி எறைச்சு ஊத்துற நேரத்துல நான் கல்லுல அடிச்சுக் காயவே போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டாள். பிறகு அதில் கோழி முட்டையிட்டது. கடலை பிடுங்குகிற காலத்தில் செம்மண் போகக் கடலையைக் கொட்டி அலசினார்கள். அதற்கு மட்டும் தோதாக இருந்தது.

அப்புறம் ஊருக்குப் பாலவாடி வந்தது. திருவரங்குளம் பிளாக் ஆபீஸிலிருந்து ஒரு கூடை நிறைய விளையாட்டுச் சாமான்கள் வந்தன. மரக்கிளி, சக்கரம் வைத்த யானை, வர்ணம் அடித்த கட்டைகள், இன்னும் என்னென்னவோ. ஆரோக்கியம்மாள் டீச்சர், பிச்சையம்மாள் ஆயா. மேலத்தெருப் பிள்ளைகளும் வந்தார்கள், குளத்தங்கரைப் பிள்ளைகளும் வந்தார்கள். குளத்தங்கரை ஆட்களுக்கு மேலத்தெருக்காரர்கள் தண்ணீர் கொடுத்தால் சொம்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள், தூக்கித்தான் ஊற்றுவார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரிகிறதா? நாலாம் நாள், குளத்தங்கரைப் பிள்ளை ஒன்று சப்பிப் போட்ட கிளியைத் தன் கடைக்குட்டி எடுத்து வாயில் வைத்ததைப் பக்கத்து வீட்டு மூக்காயி கண்ணால் பார்த்துவிட்டாள்.

மறுநாள் மேலத்தெருப் பிள்ளை ஒன்றுகூடப் பாலவாடிக்கு வரவில்லை. நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். சாமான்களை இரண்டு கூடையாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. எச்சில் பட்ட கிளி அந்தக் கூடைக்குப் போயிற்று, யானை இந்தக் கூடைக்கு வந்தது. இந்தப் பிள்ளைகள் கிளிக்கு அழுதன, அந்தப் பிள்ளைகள் யானைக்கு அழுதன. அந்த அழுகையை இரண்டு நாள் கேட்டுவிட்டு வந்த பிச்சையம்மாள், மூன்றாம் நாள் மூக்காயி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எங்க வீட்டுல பினாங்கு மிஷின் இருக்குல்ல? அதுல போட்டு எடுத்துட்டா எச்சியும் நிக்காது எழவும் நிக்காது. வெள்ளக்காரன் ஆஸ்பத்திரியில பெறந்த பிள்ளை சாமானெல்லாம் இதுலதான் கழுவுறான். எங்க வீட்டுக்காரரக் கேட்டுப் பாரு."

மூக்காயி வந்து கேட்டாள். உடையப்பன் ஆமாம் என்று தலையாட்டினார். பினாங்கில் ஆஸ்பத்திரி இருந்த தெருப் பக்கம்கூட அவர் போனதில்லை. ஆனாலும் சட்டைப் பித்தானால் போன மானம் ஆஸ்பத்திரியால் திரும்பி வந்தது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒரே கூடை. வாராவாரம் சனிக்கிழமை பிச்சையம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். கிணற்றில் இறைத்து ஊற்றி, சோப்பைச் சீவிப் போட்டுச் சுற்றுவாள். கல்லில் வைத்துக் கையால் தேய்த்தால் மேலத்தெருவுக்கு ஆகாது. மிஷின் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தால்தான் அவர்களுக்கு அது சுத்தம். மூன்று வீடு தள்ளிக் கேட்கும் அந்தச் சத்தம்.

தண்ணீரோடு சுற்றினால் அது ஒரு சத்தம், வெறுமனே சுற்றினால் வேறு சத்தம். மேலத்தெருவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பதினோரு வருஷம் சலவைக் கடையில் இருந்தவருக்குத் தெரியாதா? வேலியோரத்தில் நின்றுகொண்டு உடையப்பன் தனக்குத் தானே ஒப்புக்கொண்டார். தெரியும். தீபாவளி முடிந்த கையோடே சத்தம் மாறிவிட்டது. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தபடி சனிக்கிழமைதோறும் அதைக் கேட்டிருக்கிறார். ஏன் பிள்ளை, தண்ணீர் ஊற்றவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, நீங்கள் நாலு வாளி இறைத்துக் கொடுங்கள் என்பாள். அப்புறம் எழுந்திருக்க வேண்டும். ஈர மூட்டை சுமந்து சுமந்து பினாங்கிலேயே போய்விட்ட இடுப்பு அவருக்கு. அதைச் சொல்லிச் சொல்லியே ஐந்து வருஷமாகக் கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்துவிட்டார். கேட்காமல் இருந்தால் படுத்தே இருக்கலாம். படுத்தே இருந்தார்.

சண்டாளப் பயல் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். மனசு ஆறவில்லை.

உள்ளே புதிதாக ஒரு குரல் எழும்பியது. மூக்காயி வந்துவிட்டாள். ஒப்பாரியில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் எடுத்த எடுப்பிலேயே,

"பினாங்கு மிஷினு சுத்திப் பிள்ளைகளக் காத்தவளே,
எச்சி தொடைச்ச கையி எரியத்தானா போகுதடி"

என்று பாடினாள். கூட இருந்த பெண்கள் அதையே பிடித்துக்கொண்டு மாரடித்தார்கள். மிஷின், மிஷின் என்று வீடு முழுக்க அதே பேச்சாகப் போயிற்று. உடையப்பனால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போனார். வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். திரும்பவும் கொல்லைக்கே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு மூக்காயியே கிணற்றடிக்கு வந்தாள். கூட உறவுக்காரி ராக்காயி வந்தாள்.

"நேத்துச் சாயங்காலங்கூட மிஷினு ஓடுச்சேண்ணே," என்றாள் மூக்காயி. "அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் நான் அரிசி களைஞ்சேன். மதினி கடைசி வரைக்கும் சொன்ன சொல்லு தப்பல பாத்துக்கங்க. மஞ்சக் குங்குமத்தோட போயிருச்சு மகராசி."

உடையப்பன் தலையை ஆட்டினார்.

"இனிமே யாரு கழுவுறது?" என்று கேட்டாள் ராக்காயி.

"யாரு கழுவுவா? பழையபடி ரெண்டு கூடைதான்." மூக்காயி அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வந்தால் வைக்கோலை உள்ளே எடுத்துப் போடுவோம் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். "இந்த வாரத்துக்குக் கவலையில்ல. மதினி நேத்தே கழுவி வச்சிருச்சு. அடுத்த வாரம் பேசிக்கலாம்."

அவள் முகம் கழுவிவிட்டுப் போகும்போது வேலியோரம் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திறந்துவிடுவாளோ என்று உடையப்பனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. திறந்தால் தீர்ந்தது. எறும்பு மொய்க்கிற கிளியைப் பார்த்துவிட்டு, பாடின அதே வாயால் ஏமாற்றுக்காரி என்று சொல்லத்தானே செய்வாள்? பிணம் இன்னும் வீட்டுக்குள் கிடக்கிறது. பொய் சொல்லி எல்லார் பிள்ளைக்கும் எச்சிலை ஊட்டியவள் என்ற பேரோடு அவள் பாடையில் ஏற வேண்டியிருக்கும். நாளைக்கே கூடை இரண்டாகிவிடும்.

பன்னிரண்டு மணிக்கு ஆரோக்கியம்மாள் டீச்சர் சைக்கிளில் வந்தாள். மாலை ஒன்று கொண்டுவந்திருந்தாள். பிச்சையம்மாளின் காலடியில் அதை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு உடையப்பனைத் தேடிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

"இன்னைக்குக் கேக்கக் கூடாதுங்கய்யா," என்று ஆரம்பித்தாள். "நாளைக்குப் பாலவாடி இருக்கு. சாமானெல்லாம் இங்க இருக்குல்ல. எடுத்துக்கிட்டுப் போகலாம்னு."

"இருக்கட்டும் டீச்சர். நான் குடுத்தனுப்புறேன்."

"இல்லீங்கய்யா, நீங்க இருக்குற நெலமையில ஒங்களுக்கு எதுக்குச் செரமம். அப்படியே குடுங்க. நான் பாத்துக்கிறேன்."

அப்படியே என்று சொன்னதில் ஒரு அழுத்தம் இருந்தது. உடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவள் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

ஆரோக்கியம்மாள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"கார்த்திகை மாசம் பொரி உருண்டை குடுத்தோம். கிளி வாயில வெல்லம் ஒட்டிக்கிருச்சு. ரெண்டு சனிக்கிழமை கழிச்சும் அது அங்கனயேதான் இருந்துச்சு."

"அவகிட்ட கேக்கலியா?"

"எப்புடிக் கேக்குறது? கூடையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாங்கன்னா, ஒரு வாய் தண்ணி குடிச்ச பொறவுதான் பேச்சே வரும். சுத்தமாக் கழுவிட்டேன் டீச்சர்னு சிரிப்பாங்க. சரிங்க ஆயாம்மான்னு வாங்கிக்கிருவேன். திங்கக்கெழம பிள்ளைக வாரதுக்கு முந்தி நான் ஈரத்துணி வச்சு ஒரு தொடை தொடைச்சிருவேன். நேரம் இருந்தா எல்லாத்தையும். இல்லாட்டி வாயில வைக்கிறத மட்டும். அந்த வெல்லம் மட்டும் இடுக்குல இருந்து வரல."

கொல்லையின் மறுகோடியில் பச்சை மட்டையைக் கீறி முடைகிற சத்தம் கேட்டது. பிச்சையம்மாள் இந்த டீச்சரம்மாவுக்குப் பயந்துதான் அவளிடமும் பொய் சொல்லியிருக்கிறாள். டீச்சர் அது பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டிருக்கிறாள். இவர் இங்கே படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். மூன்று பேருக்கும் தெரியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அவருக்குத் துக்கத்தைவிட அலுப்புத்தான் முன்னால் வந்து நின்றது. எத்தனை சனிக்கிழமை!

"நீங்க போங்க டீச்சர்," என்றார். "காலையில சாமான் வந்துரும்."

ஒரு மணி பஸ் இரண்டரைக்கு வந்தது. நாகராசு ஓடிவந்து ஆத்தாளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். வீங்கின காலைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏம்ப்பா ஒரு கடுதாசி போடல?" என்று கேட்டான். "சரியாப் போயிரும்னு நெனச்சோம்டா," என்றார் உடையப்பன்.

நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போடும்போது உடையப்பன் கையிலிருந்து பாதி அரிசி கழுத்தில் சிந்தியது. பாடை தெருமுனை திரும்புகிற வரைக்கும் மூக்காயியின் குரல் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. சுடுகாட்டில் நாகராசு கொள்ளி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் வாருங்கள் என்றார்கள். எல்லோரும் ஊருணியில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெண்கள் அதற்குள் வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவளைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. தரை இன்னும் காயவில்லை.

விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உடையப்பன் அங்கே உட்காரவில்லை. நேரே கொல்லைக்கு நடந்தார். வாளியைக் கிணற்றில் விட்டார்.

முதல் வாளி மேலே வரும்போதே இடுப்பில் ஒரு பிடிப்பு பிடித்தது. ஊற்றினார். இரண்டாவது, மூன்றாவது. தொட்டியின் அடிதான் நனைந்திருந்தது. இதைத்தான் அவள் வாராவாரம் செய்தாள். பாலவாடிக்குப் போய்விட்டு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, உலை வைத்து, அதற்கப்புறம். எட்டாவது வாளியில் கயிற்றைக் கிணற்றுச் சுவர்மேல் போட்டுவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றார். ஒருவேளை அவளும் இப்படி நின்றிருப்பாள். ஒருநாள், அடுத்த வாளியை விட முடியாமல், சரி, சத்தம் கேட்டால் போதும் என்று நினைத்திருப்பாள். அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்குத் தெம்பு இல்லை.

"என்னடா பண்ணுற?" தங்கமுத்து பின்வாசலில் வந்து நின்றார். "வந்து ஒக்காரு. ஆளுக இருக்காக."

"சாமானக் கழுவணும்ண்ணே. நாளைக்குப் பாலவாடி."

"ஒனக்குக் கிறுக்கா? எழவு வீட்டுல என்ன வேலைடா? நாளைக்குக் காலையில சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போகணும். ஒன் இடுப்பு இருக்குற லெச்சணத்துக்கு..."

"இருக்கட்டும்ண்ணே," என்று அடுத்த வாளியை விட்டார்.

நாகராசு வந்து கயிற்றைக் கேட்டான். அவனிடமும் கொடுக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். தொட்டி முக்கால்வாசி நிறைந்ததும் சோப்பைச் சீவிப் போட்டார். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். மிஷின் இருமுவதுபோல ஒரு தடவை முனகிவிட்டுப் பிறகு தண்ணீரைக் கலக்க ஆரம்பித்தது. கட்டைகள் துடுப்பில் மோதின. களக், புளக் என்று அந்தப் பழைய சத்தம் பல மாதம் கழித்து வந்தது.

அவர் நிறுத்தி மூடியைத் திறந்தபோது தண்ணீர் கறுத்துப் போயிருந்தது. பிள்ளைகளின் கையழுக்கும் செம்மண்ணும் மேலே திட்டுத் திட்டாக மிதந்தன. அடியில் இருந்த மூடியைத் திருகி வடியவிட்டார். கறுப்புத் தண்ணீர் முருங்கை மரத்தடி வரைக்கும் ஓடியது.

அந்த நேரம் பார்த்துத்தானா மூக்காயி வேலித் தட்டியைத் திறந்துகொண்டு வர வேண்டும்? எழவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று சோற்றுச் சட்டியும் புளிக்குழம்புமாக வந்தவள், ஓடுகிற தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது? மதினிதான் நேத்தே கழுவிருச்சே?"

உடையப்பன் கைப்பிடியை விடவில்லை.

"எழவு வீட்டுல கெடந்துச்சுல்ல, மூக்காயி," என்றார். "காலையில இருந்து கெடந்துச்சு. பொணம் கெடந்த வீட்டுச் சாமானப் பிள்ளைக வாயில வைக்கக் குடுக்கலாமா? அதான், இன்னொரு தடவை."

மூக்காயி அவரைப் பார்த்தாள். கறுத்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். அது மரத்தடியில் தேங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறவரைக்கும் பார்த்தாள்.

"ஒருநாள் தீட்டுக்கு இம்புட்டு அழுக்காண்ணே?"

"இம்புட்டுத்தான்."

இதற்குமேல் அவள் ஒரு கேள்வி கேட்டால் அவர் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்குள் யாரோ மெல்ல இருமினார்கள். மூக்காயி சட்டியைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நீங்க சுத்துங்க, நான் எறைக்கிறேன்," என்று அவர் எட்டிப் பிடிப்பதற்குள் வாளியை எடுத்துக்கொண்டாள். "இது ஒரு தண்ணிக்குப் போகாது. இன்னும் ரெண்டு தண்ணி மாத்தணும்."

"தொடாத மூக்காயி. ஒனக்கும் தீட்டு."

"எழவு வீட்டுக்குள்ள வந்தாச்சு. எப்புடியும் போயித் தலைக்கு ஊத்திக்கிறதுதான். இன்னைக்கு எதத் தொட்டா என்ன?"

அவள் இறைத்து ஊற்றினாள், அவர் சுற்றினார். இரண்டாவது தண்ணீர் பழுப்பாக வந்தது. மூன்றாவது தண்ணீரில் தொட்டியின் அடி தெரிந்தது. இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று மூக்காயி தரையில் ஒரு சாக்கை விரித்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்து வைத்தாள். மூன்று வருஷமாக அந்தச் சாமான்களில் ஒன்றையும் அவள் விரலால் தொட்டதில்லை. கிளியைக் கையில் எடுத்தவள் வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கொண்டையில் இருந்த ஊசியை உருவி அலகு இடுக்கைக் கிளறினாள். ஊறிப்போன வெல்லம் திரியாக வெளியே வந்தது.

"பொரி உருண்டை வெல்லம்," என்றாள். "கார்த்திகையில குடுத்தது."

வெல்லத்தை விரலால் சுண்டி எறிந்துவிட்டுக் கிளியைத் துடைத்து யானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காலையில நீங்க பால் தெளிக்கப் போயிருவீங்க. நானே கொண்டுபோயி டீச்சர்கிட்ட குடுத்துர்றேன்," என்றாள்.

"ஒரே கூடையாவா?"

மூக்காயி எழுந்து முந்தானையை உதறிப் பிழிந்தாள்.

"ஒரு கூடைதானண்ணே இருக்கு. ரெண்டு கூடைக்கு நான் எங்கிட்டுப் போறது?" என்றாள். தட்டியைத் திறந்துகொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் பொம்மை பாக்கி இருந்தது. உடையப்பன் அதை எடுத்து அமுக்கினார். முதுகில் இருந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவர் கால்மேல் விழுந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடியும் வந்தது. தீர்ந்துவிட்டது என்று சாக்கின் மேல் வைத்தார். வைத்த இடம் நனைந்தது. மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தார்.